உட்கார முடியாத பிள்ளைகள்: ஏ.டி.எச்.டி. குறித்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

வெம்பக்கோட்டையைத் தாண்டிய ஒரு கிராமத்திலிருந்து எட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்திருந்தார். சரவெடி பின்னும் தொழிலாளி அவர். பின்னிய அளவுக்கே கூலி என்பதால், மருத்துவமனைக்கு வரும் நாள் அவருக்குக் கூலியில்லாத நாள். அவருடைய முறை வருவதற்குள் சிறுவன் இருக்கைகளின் மேல் இருமுறை ஏறி இறங்கினான். குடிநீர்க் குழாயைத் திறந்துவிட்டான். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு முதியவரிடம் போய் நலம் விசாரித்தான். மருந்தக வரிசைக்குள் புகுந்து மறுபுறம் வெளியே வந்தான். அறைக்குள் வந்து அமர்ந்ததும் தாய் கூறிய முதல் வாக்கியம் மகனைப் பற்றியதாக இல்லை. “நான் புள்ளைய ஒழுங்கா வளக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர்” என்றார்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலிருந்து வரும் தாய்மார் பலரிடம் இதே வாக்கியத்தை வெவ்வேறு சொற்களில் நாங்கள் கேட்டிருக்கிறோம். மாமியார் சொன்னார், ஆசிரியர் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார் என்று அது நீளும். அச்சிறுவனுக்கு இருந்தது வளர்ப்புக் குறையன்று. கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு என்று தமிழில் வழங்கப்படும் ஏ.டி.எச்.டி. என்னும் நிலை அவனுக்கு இருந்தது. இது மூளையின் வளர்ச்சியைச் சார்ந்தது. மருத்துவத்தால் நன்கு கட்டுப்படுத்தத்தக்கது. இதை அடையாளம் காணாமல் விட்டுவிட்டால் நேரும் இழப்பு, பிற ஊர்களைக் காட்டிலும் நம் வட்டாரத்தில் சற்று அதிகம் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுகிறோம்.

சேட்டை எங்கே முடிகிறது?

ஓடாத குழந்தை இல்லை. வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளம் மேட்டில் 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில், சங்கு வளையல்களோடும் கண்ணாடி மணிகளோடும் விளையாடப் பயன்பட்ட சுடுமண் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. இந்த மண்ணில் பிள்ளைகள் பன்னெடுங்காலமாக ஆடித் திரிந்தே வந்திருக்கிறார்கள். ஆட்டத்தையெல்லாம் நோய் என்று சொல்ல மருத்துவர்களுக்கு உரிமையில்லை. ஆகவே துறுதுறுப்பான ஒரு குழந்தையைப் பார்த்தவுடன் இப்பெயரைச் சூட்டிவிட முடியாது, சூட்டவும் கூடாது.

எந்த அளவில் அது கோளாறாகக் கருதப்படுகிறது என்பதற்கு வரையறை உண்டு. கவனக்குறைவைக் காட்டும் ஒன்பது அறிகுறிகளும், மிகைச் செயல்பாட்டையும் முன்பின் எண்ணாத அவசரத்தையும் காட்டும் ஒன்பது அறிகுறிகளும் வகுக்கப்பட்டுள்ளன. குழந்தைகளைப் பொறுத்தவரை, இவ்விரு பட்டியல்களுள் ஏதேனும் ஒன்றிலாவது ஆறு அறிகுறிகள் இருக்க வேண்டும். அவை ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் படிப்பையோ நட்பையோ அன்றாட வாழ்வையோ அவை உண்மையில் பாதித்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையே முதன்மையானது. வீட்டில் மட்டும் அடங்காமல், பள்ளியில் நன்றாகப் படித்து, நண்பர்களோடு இணங்கி வாழும் குழந்தைக்கு இப்பெயர் பொருந்தாது. அங்கே வீட்டுச் சூழலைத்தான் நாங்கள் முதலில் விசாரிப்போம்.

அறிகுறிகள் எப்படியிருக்கும்? கணக்குப் பாடத்தில் கூட்டல் தெரியும்; ஆனால் கூட்டல் குறியைக் கவனியாமல் கழித்திருப்பான். ஒரே மாதத்தில் மூன்று பென்சில் பெட்டிகளைத் தொலைப்பான். கேள்வி முடியும் முன்பே விடை சொல்வான். வரிசையில் நிற்க மாட்டான். பேசிக்கொண்டிருப்பவர்களின் இடையே புகுவான். “பம்பரத்துக்குக்கூட நிக்கிற நேரம் உண்டு, இவனுக்கு இல்ல” என்று ஒரு பாட்டி எங்களிடம் கூறினார்.

ஓடாத பிள்ளைகளுக்கும் இக்கோளாறு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. மிகைச் செயல்பாடு சிறிதுமின்றிக் கவனக்குறைவு மட்டுமே உள்ள வகை ஒன்று இருக்கிறது; பெண் குழந்தைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இவர்கள் வகுப்பில் யாருக்கும் தொல்லை தருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அமைதியாக அமர்ந்திருப்பார்கள். ‘மந்தம்’, ‘கனவு காண்கிறாள்’ என்ற பெயரோடு ஒவ்வொரு வகுப்பாக ஏறி, எட்டாம் வகுப்பில் தடுமாறி நிற்பார்கள். இதில் எங்கள் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 11 வயதுச் சிறுமி ஒருத்தி சோர்வாக இருக்கிறாள், பாடம் மனத்தில் பதியவில்லை என்று அழைத்து வந்தார்கள். இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மருந்து கொடுத்து அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து அதே குறையுடன் வந்தபோதும் மீண்டும் அதையே கொடுத்தோம். மூன்றாம் முறை அவளது பள்ளி நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு பக்கமும் பாதியில் நின்றிருப்பதைக் கண்ட பின்னரே எங்களுக்கு விளங்கிற்று. அதுமுதல் இரத்தப் பரிசோதனைத் தாளோடு பள்ளி நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று.

“டி.வி. முன்னால மட்டும் எப்படி உக்கார்றான்?”

தந்தையர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. இரண்டு மணி நேரம் அசையாமல் செல்போனில் விளையாடுகிறவனுக்குக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவர்களது வாதம். நியாயமான கேள்விதான்.

இக்கோளாறில் கவனம் என்பதே இல்லாமற் போவதில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டிய நேரம் வரை பிடித்துவைக்கும் ஆற்றல் தளர்ந்திருக்கிறது. மூளையின் முன்பகுதி இப்பணியைச் செய்கிறது. டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் அதற்குத் துணைபுரிகின்றன. செல்போன் விளையாட்டு நொடிக்கு நொடி ஒரு பரிசைத் தருகிறது. பாடப்புத்தகம் தரும் பரிசோ காலாண்டுத் தேர்வில் வருவது. நம் வட்டாரத்துக்குப் புரியும்படி கூறினால், சனிக்கிழமை வாங்கப்போகும் கூலியை எண்ணித் திங்கட்கிழமை முதல் உழைக்கப் பெரியவர்களால் முடிகிறது. இப்பிள்ளைகளின் மூளைக்குச் சனிக்கிழமை வெகு தொலைவு. இதைக் கேட்டதும் பெரும்பாலான தந்தையர் சிரித்துவிடுகிறார்கள். கேள்வி அத்துடன் முடிந்துவிடுகிறது.

மூளையில் புண்ணோ கட்டியோ இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு, மூளையின் புறணி தன் உச்சத் தடிப்பை எட்டும் வயதை அளந்தது. பிற குழந்தைகளில் சராசரியாக 7.5 வயதில் எட்டப்பட்ட அந்நிலை, ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளில் 10.5 வயதில் எட்டப்பட்டது. வளர்ச்சியின் பாதை ஒன்றே. வந்துசேரும் காலம் சுமார் மூன்று ஆண்டு பிந்துகிறது. எட்டு வயதுப் பிள்ளையிடம் எட்டு வயதுக்குரிய பொறுமையை எதிர்பார்த்து ஏமாறுகிறோம். சில வேளைகளில் அவனிடம் இருப்பது ஐந்து வயதுப் பொறுமை. எனினும் இது பல குழந்தைகளின் சராசரியைக் கொண்டு கண்ட உண்மை. தனியொரு குழந்தைக்கு ஸ்கேன் எடுத்து இக்கோளாற்றைக் கண்டறிய இயலாது. “ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துருவோமே” என்று பெற்றோர் கேட்கும்போது நாங்கள் மறுப்பதன் காரணம் இதுவே. வலிப்பு, ஓயாத தலைவலி போன்ற வேறு அறிகுறி இருந்தாலன்றி அச்செலவு வேண்டாம்.

யாரால் வந்தது என்ற ஆராய்ச்சி பல வீடுகளில் சண்டையாக முடிகிறது. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள், இதில் மரபின் பங்கே மிகப் பெரிது என்று காட்டியுள்ளன. குறைமாதத்தில் பிறத்தல், பிறந்தபோது எடை குறைந்திருத்தல் ஆகியவையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன. வளர்ப்பு முறை இக்கோளாற்றை உண்டாக்குவதில்லை. குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது, “இவன் தாய்மாமனும் சின்ன வயசுல இப்படித்தான்” என்று ஒரு குரல் எழும். சில நேரம் அதுவரை வாசலோரம் நின்றிருந்த தந்தை மெதுவாக, “நானும் அஞ்சாங்கிளாஸோட நின்னதுக்கு இதான் காரணமா டாக்டர்?” என்று கேட்பார். ஆம் என்று உறுதியாகக் கூற முடிவதில்லை. ஆனால் அதன்பின் அவர் மகனைப் பார்க்கும் பார்வை மாறுவதைக் கண்டிருக்கிறோம்.

செல்போன் வந்த பிறகு தோன்றிய நோய் இது என்று கருதுவோரும் உளர். ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798ஆம் ஆண்டிலேயே கவனம் நிலைகொள்ளாத இந்நிலையை விவரித்து எழுதினார். 1902ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அப்போது செல்போன் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. மிகுதியான திரைநேரம் உறக்கத்தைக் கெடுத்து இருக்கும் குறையைப் பெரிதாக்கும் என்பது உண்மை. அதனால் குறைக்கச் சொல்கிறோம்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007இல் கணித்தபோது, நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ ஐந்து பேர் என்று தெரியவந்தது. கோயம்புத்தூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் அது 11.32 விழுக்காடாக இருந்தது. அளவிடும் முறைக்கேற்ப எண் மாறும். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் 40 பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பிள்ளைகள். ஆக, உங்கள் பிள்ளை மட்டும் தனியாக இல்லை.

நம் வட்டாரத்தில் ஏன் கூடுதல் கவலை?

இங்கே ஒரு பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால் அடுத்த வழி என்னவென்று யாரும் யோசிப்பதில்லை; அது ஊருக்கே தெரிந்த வழி. வீட்டில் குழாய் சுற்றலாம், பெட்டி ஒட்டலாம், பிறகு ஆலைக்குப் போகலாம். 14 வயதுக்கு உட்பட்டவரை எவ்வேலையிலும் பணியமர்த்துவதை 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்திருக்கிறது. 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டோரையும் வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. அதற்கு முன்பே, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இங்குள்ள மூத்தோருக்கு நினைவிருக்கும். நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. எங்கள் தலைமுறையினர் கண்கூடாகக் கண்ட மாற்றம் அது. எனினும் பள்ளியிலிருந்து நழுவும் பிள்ளைகள் இன்றும் உண்டு. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை, மருத்துவம் பெறாத நிலையில், நழுவும் வாய்ப்பு மிகுந்தவன்.

அவன் போய்ச் சேரும் இடத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் உராய்வு, ஓர் அவசரம், கீழே சிந்திய ஒரு கைப்பிடித் தூள் ஆகியவற்றுக்கு இடமில்லாத தொழில் அது. நொடிப்பொழுது யோசித்துச் செய்வது எவனுக்கு மிகக் கடினமோ, அவனை நாம் அங்கே அனுப்புகிறோம். விபத்துகள் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்கின்றன என்று நாங்கள் கூறுவதாக யாரும் கொள்ள வேண்டாம். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரை இழந்த வட்டாரம் இது. பாதுகாப்பு விதிகளைக் காப்பது யாருடைய கடமை என்பதை இங்குள்ளோர் அறிவர். நாங்கள் கூறுவது, பெற்றோர் கையில் இருக்கும் ஒன்றைப் பற்றி. ‘படிப்பு ஏறல, வேலைக்காவது போகட்டும்’ என்று முடிவு செய்யும் முன்பு, படிப்பு ஏன் ஏறவில்லை என்று ஒருமுறை மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டைச் சுற்றியும் ஆபத்துகள் உண்டு. இப்பிள்ளைகளுக்குக் காயம், தீப்புண், எலும்பு முறிவு ஆகியன பிற பிள்ளைகளைவிட அதிகம் நேர்கின்றன. வெடிக்காத பட்டாசைப் பிரித்துப் பார்க்கும் ஆசை எல்லாச் சிறுவர்க்கும் உண்டு. தடுத்து நிறுத்தும் எண்ணம் ஒரு நொடி முன்பாக வந்துவிடுவதால் மற்றவர்கள் தப்புகிறார்கள். இப்பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் ஒரு நொடி பின்னால் வருகிறது. திரியோ தூளோ பாதி முடிந்த சரமோ வீட்டுக்குள் இருக்கவே கூடாது. ‘அலமாரி மேல வச்சிருக்கேன்’ என்பது பாதுகாப்பன்று. கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, நீர் தேங்கிய கல்குவாரி, மழைக்குப் பின் நிறைந்த கண்மாய் ஆகிய இடங்களுக்குத் துணையின்றி அனுப்பாதீர்கள். பத்து வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்வான் என்ற கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

தூளைப் பற்றி இன்னொரு செய்தி. ஈயம் உடலில் சேர்வது குழந்தைகளின் கவனத்தையும் கற்றலையும் கெடுக்கும் என்பது உறுதிப்பட்ட உண்மை. பட்டாசுத் தயாரிப்பில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கு 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வேலை முடிந்து வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குவது எப்பொருளானாலும் நல்லது. ஆனால் நான் இந்த வேலைக்குப் போனதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். இக்கோளாற்றுக்கு மரபே முதற்காரணம் என்பதை மேலே கண்டோம்.

மருந்து என்ற சொல்

சிகிச்சை குறித்துப் பேசத் தொடங்கினால் எங்களுக்கு ஓர் இடர்ப்பாடு. இவ்வட்டாரத்தில் ‘மருந்து’ என்றால் பட்டாசில் செலுத்துவதும் மருந்துதான், மருத்துவமனையில் கொடுப்பதும் மருந்துதான். “மருந்து ஆரம்பிக்கலாம்” என்று நாங்கள் சொன்னபோது, அச்சிறுவனின் அப்பத்தா பேரனை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டார். பிள்ளையை மயக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு. அது பொதுவான அச்சமே.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நாங்கள் மாத்திரையில் தொடங்குவதில்லை. பெற்றோருக்குப் பயிற்சி அளிப்பதே அங்கு முதற்சிகிச்சை. ஆறு வயதுக்கு மேல், பாதிப்பு மிகுந்திருந்தால் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து போகும். முதன்மையான மருந்து மெத்தில்ஃபெனிடேட். இது தூக்க மருந்தன்று. அதற்கு நேர்மாறாக, மூளையின் முன்பகுதியை விழிப்படையச் செய்து கடிவாளத்தைக் குழந்தையின் கையில் கொடுக்கிறது. இவ்வகை மருந்துகளின் பயனை 1937ஆம் ஆண்டு சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர் தற்செயலாகக் கண்டார். சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடிக்கும். நாள் முழுதும் மெல்ல வெளியாகும் வகையும் உண்டு. பசி குறைதல், உறக்கம் பிந்துதல், வயிற்றுவலி, தலைவலி ஆகியவை ஏற்படலாம். அதனால் காலை உணவு முடிந்த பின் மாத்திரை தரச் சொல்கிறோம். வரும்போதெல்லாம் எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் நான்கையும் பதிவு செய்கிறோம். குடும்பத்தில் இளவயதில் இதயக் கோளாற்றால் இறந்தவர் இருந்தால் மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இது சட்டக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்காது. கேட்டு வாங்கவும் கூடாது. அண்டை வீட்டுப் பிள்ளைக்குப் பகிர்ந்து கொடுக்கவும் கூடாது. இம்மருந்து பொருந்தாதவர்களுக்கு அடமாக்சட்டின் இருக்கிறது. அதன் முழுப் பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

தேர்வு மாதங்களில் கடைகளில் விற்கும் நினைவாற்றல் டானிக்குகளுக்குச் செலவிட வேண்டாம். சர்க்கரையைக் குறைத்தால் துறுதுறுப்பு அடங்கும் என்பதும் ஆய்வுகளில் மெய்ப்படவில்லை. பல்லுக்கு நல்லது, அவ்வளவே. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்லும் குடும்பங்களிடம், நேர்த்திக்கடனைத் தாராளமாகச் செலுத்துங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்கிறோம். இரண்டுக்கும் பகையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டும். “பைய வச்சிட்டு, கை கால் கழுவிட்டு, சட்டைய மாத்திட்டு, வீட்டுப்பாடத்த எடு” என்று ஒரே மூச்சில் சொன்னால் இப்பிள்ளைக்கு முதல் இரண்டு சொற்கள் மட்டுமே எட்டும். அருகில் போய்ப் பெயர் சொல்லி அழைத்து, முகத்தைப் பார்த்து, ஒரு வேலையைச் சொல்லுங்கள். அது முடிந்ததும் அப்போதே பாராட்டுங்கள். பாராட்டு சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகக் கூடாது என்பதை மேலே கண்டோம். வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நடுவே எழுந்து ஓடிவர விடுங்கள். உறங்கும் நேரமும் எழும் நேரமும் மாறாதிருக்கட்டும். அடி அந்தக் கணத்துக்கு மட்டும் வேலை செய்கிறது. அடித்த கையே நாளடைவில் பிள்ளையைப் பொய்யனாக்குகிறது. ஏற்கெனவே தான் ‘கெட்ட பிள்ளை’ என்று நம்பத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு அதை உறுதி செய்கிறது.

ஆசிரியர்களுக்கு நாங்கள் கடிதம் எழுதிக் கொடுக்கிறோம். கூசாமல் கேட்டு வாங்குங்கள். முன்வரிசையில், ஜன்னலிலிருந்து விலகி ஓர் இடம். கரும்பலகையைத் துடைக்கவும் நோட்டுகளை எடுத்துவரவும் அவனை அனுப்புதல். பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்தைத் தந்து, முடித்ததும் மீதி ஐந்து. நாங்கள் கேட்பது இவ்வளவே. பெரும்பாலான ஆசிரியர்கள் மனமுவந்து செய்கிறார்கள். 50 பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவரின் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை நாமும் மறக்கலாகாது. எனினும் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துள்ளது.

எங்கே போவது, என்ன கொண்டுவருவது?

முதலில் காதும் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும். காது சரியாகக் கேட்காத குழந்தை கவனிக்காத குழந்தையாகத் தோன்றும். கணநேரம் நினைவு தப்பும் ஒருவகை வலிப்பு, தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, மூக்கடைப்பும் குறட்டையுமாகக் கெட்டுப்போன உறக்கம் ஆகியனவும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். கற்றல் குறைபாடு தனியாகவும் வரும், இதனோடு சேர்ந்தும் வரும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியே இடம்பெறவில்லை, கற்றல் குறைபாடு இடம்பெற்றுள்ளது. ஆகவே அதுவும் இருந்தால் சான்றிதழ் பெற்றுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம்.

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகிறார்கள். அவர்கள் பரிசோதிக்கும் 30 உடல்நலக் குறைகளுள் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. அக்குழு வரும் நாளில் ஆசிரியரிடம் சொல்லி உங்கள் பிள்ளையைக் காட்டச் செய்யுங்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். 2022 ஜனவரி முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. மதுரைக்குப் போய்வர ஒரு முழு நாளை இழக்க வேண்டிய நிலை பலருக்கு இப்போது இல்லை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களையும் அணுகலாம். நேரில் வருமுன் பேசிப் பார்க்க விரும்பினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

எங்களிடம் வரும்போது கடந்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் அட்டை, பள்ளி நோட்டுகள் மூன்று, ஆசிரியர் ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பிறந்தபோது இருந்த எடை குறித்த அட்டை இருந்தால் அதையும். பிள்ளையை வளர்ப்பதில் பங்குள்ள பாட்டியோ தாத்தாவோ உடன்வருவது மிக நன்று. ஒரே நாளில் முடிவு சொல்லிவிட மாட்டோம்; இரண்டு மூன்று முறை வரவேண்டியிருக்கும். கூலி இழந்து வருகிறீர்கள் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறோம்.

முதலில் சொன்ன சிறுவன் இப்போது நான்காம் வகுப்பு. மாத்திரை தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. எடை முதலில் முக்கால் கிலோ குறைந்து, பிறகு ஏறிவிட்டது. சென்ற முறை வந்தபோது ஒரு பக்கம் முழுதாக எழுதிய நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். எழுத்து இன்னும் கோட்டை விட்டு இறங்கித்தான் நிற்கிறது. எங்கள் மேசையின் மீதிருந்த முத்திரையை எடுத்துத் தன் கையில் இருமுறை குத்திக்கொண்ட பிறகு, கேட்காமலேயே திருப்பி வைத்தான். அடுத்த வருகைக்கு நாள் குறித்தபோது, சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூலி வாங்கும் நாள் என்றார் தாய். திங்கட்கிழமை என்று எழுதிக் கொடுத்தோம்.